நின்று வேலை செய்ய ஒரு தேக்கு மேசை

சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பிஸ்கட் டின், டின்களின்மேல் ஒரு பலகைத் துண்டு, அதன்மேல் கீபோர்டு. பதினைந்து நாள் இப்படி நின்றுதான் வேலை பார்த்தேன். நிற்கும் மேசை வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகுமுன் வீட்டில் கிடைப்பதை அடுக்கி ஒரு வாரமாவது நின்று பாருங்கள். நம்மால் நிற்க முடியுமா, நின்றால் எந்த உயரத்தில் தோள் இறுகாமல் கை ஓடுகிறது, இரண்டும் காசில்லாமலே தெரிந்துவிடும்.

எங்கள் வீடு ரங்கூனில் தாம்வே பக்கம், மூன்றாவது மாடி. இந்த ஊரில் வழக்கமாகக் கட்டுகிற பன்னிரண்டரை அடிக்கு ஐம்பது அடி வீடு. முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படி, நடுவில் ரயில் பெட்டி போல நீளம். உளுந்தும் துவரையும் இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு வியாபாரிக்குக் கப்பல் பத்திரங்களும் கணக்கும் பார்ப்பது என் வேலை. 2020இல் கொரோனா வந்தபோது வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. சாப்பாட்டு மேசையே அலுவலகம் ஆயிற்று. காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன். சோறும் அதே மேசையில். இடுப்பு வலியும் பிடரி வலியும் சேர்ந்து வந்தபோதுதான் மேசையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

என் தாத்தாவின் அப்பா மொகல் தெருவில், இப்போது ஷ்வே பொந்தா தெரு என்கிறார்களே அங்கே, ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டித்தொழில் நடத்தும் இடத்தில், கணக்கெழுதியவர். தரையில் சம்மணம் போட்டு, சாய்வான மூடி வைத்த பெட்டியின்மேல் பேரேட்டை விரித்து எழுதியதாக வீட்டில் சொல்வார்கள். பெட்டியடியில் இருப்பவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்தாக வேண்டும். எனக்கு வேண்டியதும் அந்த எழுந்து உட்காருவதுதான் என்று பட்டது. நாள் முழுக்க நிற்கிற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் இடுப்பு கடுப்பதும் தெரிந்த விஷயம். பேருந்து நடத்துநரைக் கேட்டால் சொல்வார். உடம்பு இளைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் அதையும் நம்ப வேண்டாம். உட்கார்ந்திருப்பதைவிட நிற்பதில் கூடுதலாகச் செலவாவது மணிக்குச் சுமார் 9 கலோரிதான்.

சரி, அளவுக்கு வருகிறேன். வெறுங்காலோடு நேராக நின்று, மேல்கையைத் தொங்கவிட்டு, முன்கையை மட்டும் தரைக்கு இணையாக மடக்க வேண்டும். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை இன்னொருவர் அளக்க வேண்டும்; நாமே குனிந்து அளந்தால் அளவு மாறிவிடும். என் உயரம் 168 செ.மீ. வீட்டுக்காரி டேப் பிடித்தார், 105 வந்தது. கீபோர்டின் தடிமன் 2 செ.மீ., அதைக் கழித்தால் 103. நிற்கிற இடத்தில் ஒன்றரை செ.மீ. ரப்பர் விரிப்பு போடப் போகிறேன், அதைக் கூட்டினால் 104.5. டின்களை அடுக்கிப் பார்த்ததில் 104 சரியாகப் பொருந்தியது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிநாட்டு உயர அட்டவணைகள் பெரும்பாலும் காலில் செருப்போ ஷூவோ இருப்பதாக வைத்துக்கொண்டு 2, 3 செ.மீ. கூட்டியே சொல்கின்றன. நம் வீட்டில் செருப்பு வாசலோடு சரி. அட்டவணையை நம்பி உயரம் வைத்தால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு தட்ட வேண்டியிருக்கும். டின்களில் முதல் மூன்று நாள் நான் அப்படித்தான் 107இல் வைத்திருந்தேன், தோள்பட்டை பாரமாகிவிட்டது.

அளக்கும்போது எதிர்பாராத இன்னொன்றும் வெளியே வந்தது. உட்கார்ந்த நிலையிலும் அளந்தேன். பாதம் தரையில் பதிய நாற்காலியில் உட்கார்ந்தால் என் முழங்கைக்குக் கீழே மேசை 66 செ.மீ. இருந்தால் போதும். சாப்பாட்டு மேசையோ 76. இத்தனை வருஷமாக 10 செ.மீ. கூடுதல் உயரத்தில் கையைத் தூக்கி வைத்துத் தட்டியிருக்கிறேன். பிடரி வலிக்குக் காரணம் நிற்காமல் இருந்தது மட்டுமே என்று நினைத்திருந்தேன்; பாதிக் காரணம் இந்த 10 செ.மீ. வீட்டுக்காரி ஐந்தடி உயரம். சாயங்காலம் கோயிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். பாடத்தாள் எழுதுவதும் திருத்துவதும் அதே மேசையில்தான். அவருக்கு 60 செ.மீ. போதும். ஆக, நிற்கும் மேசை தேடுகிறவர்கள் அது எவ்வளவு உயரம் போகும் என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு கீழே இறங்கும் என்றும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும்.

கடைகளில் பார்த்தவை நான்கு வகை. ஏற்கெனவே இருக்கிற மேசைமேல் வைத்து ஏற்றி இறக்குகிற தட்டு ஒன்று. அதைச் சீக்கிரம் ஒதுக்கினேன், ஏனென்றால் மடக்கி வைத்தாலும் அது மேசையை இன்னும் உயர்த்துகிறது, எங்கள் மேசையோ ஏற்கெனவே உயரம். ஆசாரியிடம் சொல்லி 104 உயரத்தில் நிலையான மேசை அடித்து, உயர ஸ்டூல் போட்டுக்கொள்வது இரண்டாவது. ஒரே ஆள் பயன்படுத்தும் வீடாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். ஆடாது, பழுதாகாது, செலவும் குறைவு. மீதி இரண்டும் ஏறி இறங்கும் கால்கள்: மோட்டார் வைத்தது, கைப்பிடி சுற்றுவது.

மோட்டார் மேசை நல்ல பொருள்தான், அதில் சந்தேகமில்லை. ஒரே மோட்டார் வைத்து நடுக்கம்பி வழியாக இரண்டு காலையும் தூக்குவது ஒரு வகை. காலுக்கொரு மோட்டார் இருப்பது இன்னொன்று, அது கூடுதல் பாரம் தாங்கும், சத்தமும் குறைவு. கால் குழாய் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அடுக்கு இருந்தால் பெரும்பாலும் 70 செ.மீ.க்குக் கீழே இறங்காது. மூன்று அடுக்கு என்றால் 60 பக்கம் வரை இறங்கும். எங்கள் இருவருக்கும் பொருந்துவது மூன்று அடுக்குதான். ஏறக்குறைய வாங்கியே விட்டேன்.

அனோரதா வீதியில், பெரியவர்கள் இன்னும் ஃப்ரேசர் தெரு என்பார்கள், ஒரு கடையில் நின்று பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை பாதி ஏறும்போது கரண்டு போய்விட்டது. ரங்கூனில் இது புதிதல்ல. எங்கள் தெருவில் அப்போது நான்கு மணி நேரம் இருக்கும், நான்கு மணி நேரம் இருக்காது. கடைக்காரப் பையன் ஜெனரேட்டரைப் போட்டான். மேசையின் சின்னத் திரையில் எண்ணுக்குப் பதில் ஏதோ பிழைக்குறி. அவன் பதறவில்லை; இறக்கும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தான், மேசை அடிவரை இறங்கி ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது, திரும்ப வேலை செய்தது. ஓடும்போது மின்சாரம் நின்றால் தான் எங்கே நின்றோம் என்பது அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியாமல் போகிறது. அடியில் தட்டி மறுபடி எண்ணத் தொடங்குகிறது. அவ்வளவுதான்.

அந்தப் பிழைக்குறி என்னைத் தடுக்கவில்லை. மேசை ஏறப் பதினைந்து விநாடி போதும். வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். என்னைத் தடுத்தது அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது கெட்டால் இங்கே யார் பார்ப்பார்கள்? அதே மாதிரிப் பெட்டி எந்தக் கப்பலில், எப்போது வரும்? நாளெல்லாம் இறக்குமதிக் காகிதம் பார்க்கிறவன் நான். ஒரு உதிரிப் பாகம் வந்து சேரும் பாடு எனக்குத் தெரியும். கைப்பிடி மேசையில் இருப்பது பல்சக்கரம், ஒரு கம்பி, கொஞ்சம் கிரீஸ். எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர்கூட அதைத் திறந்து பார்த்துவிடுவார். கைப்பிடி வகையில் எனக்குக் கிடைத்தது இரண்டு அடுக்குக் கால்தான். பலகை இல்லாமல் 70இலிருந்து 112 வரை. மேசை இறங்காவிட்டால் ஆளை ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்: நாற்காலியை உயர்த்தி, காலுக்குக் கீழே ஒரு மணை. எனக்கு 6 செ.மீ. மணை, வீட்டுக்காரிக்கு 12. கால்களை மட்டும் வாங்கினேன். பலகை இங்கே செய்வதென்று முடிவு.

தேக்கு விளைகிற நாட்டில் இருந்துகொண்டு மரத்தூள் அட்டைப் பலகை வாங்க மனம் வரவில்லை. மனசு ஒரு பக்கம் இருக்கட்டும். மே தொடங்கி அக்டோபர் வரை இங்கே சுமார் 2,700 மி.மீ. மழை கொட்டுகிறது. மரத்தூள் பலகையின் ஓரத்தில் ஒட்டிய பட்டை ஒரு மழைக்காலத்தில் விட்டுவிடும், அப்புறம் ஓரம் ஊறிய ரொட்டி போல உப்பும். ஸ்க்ரூ பிடித்த இடமும் தளர்ந்துவிடும். ஏறி இறங்கும் மேசைக்கு ஸ்க்ரூ பிடிமானம்தான் உயிர்.

எங்கள் ஆசாரி டலாவில் இருக்கிறார். பான்சோடான் துறையில் ஃபெர்ரி ஏறி ஆற்றைக் கடந்தால் அவர் பட்டறை. அப்பா காலத்திலிருந்து பழக்கம். இடித்த வீட்டு மரம் விற்கும் இடத்துக்கு அவரோடு போனேன். கடையில் முதலில் காட்டியது பியின்கடோ, நம் ஊர்ப் பக்கம் இருள் மரம் என்பார்களே அந்த இனம். ரயில் படுக்கைக் கட்டைக்கும் பாலத்துக்கும் போடுகிற மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும். நாலடிக்கு இரண்டடி, ஓரங்குலம் தடிமனில் அது 20 கிலோ வரும். அதே அளவில் தேக்கு 12 கிலோ.

“தெனம் கையால சுத்தித் தூக்கப் போறீங்க தம்பி, எட்டுக் கிலோ சும்மா சுமக்கணுமா?” என்றார் ஆசாரி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தேக்கில் எட்டங்குல அகலத்தில் மூன்று பலகை கிடைத்தது. ஏதோ வீட்டுச் சுவரில் இருந்தவை. ஆணித் துளைகளைச் சுற்றிக் கறுப்பு வட்டம். ஆசாரி ஓரத்தில் இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்தார். சாம்பல் நிறத் தோல் சுருண்டு விழ, உள்ளே தேன் நிறம் தெரிந்தது. தோலைத் தூக்கி மூக்கில் வைத்தார், என்னிடமும் நீட்டினார்: பழைய தோல் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு எண்ணெய் வாசனை. நான்காவதாக ஒரு பலகை அழகாக இருந்தது, ஒரு விளிம்பில் வெளிர் பட்டை ஓடியது. அது வெளிறு, வைரம் பாயாத பகுதி. தேக்காக இருந்தாலும் வெளிறைக் கறையான் விடாது. அதை வைத்துவிட்டு வந்தோம்.

தேக்கை ஒட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. மரத்திலேயே எண்ணெய் இருப்பதால் பசை பிடிக்காமல் வழுக்கும். இழைத்த விளிம்பைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் பசை தடவிச் சேர்க்க வேண்டும். மறுநாளுக்கு விட்டால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும். ஆசாரியிடம் நீளக் கிளாம்ப் இல்லை. தரையில் இரண்டு சட்டம் அறைந்து, நடுவில் மூன்று பலகைகளைக் கிடத்தி, ஓரத்தில் எதிரெதிராக ஆப்பு வைத்துத் தட்டி இறுக்கினார். கோடு தெரியாமல் சேர்ந்தது.

பூச்சுக்கு அவர் திட்சி அடிக்கலாம் என்றார், அரக்குப் பாத்திரத்துக்குப் பூசுகிற பர்மா மரப்பால். ஈரக்காற்றில்தான் அது காயும், எனவே மழைக்காலம் தோது என்பது அவர் வாதம். ஆனால் அந்தப் பால் பட்டால் சிலருக்குத் தோல் கொப்புளித்துவிடும், எனக்குத் துணிச்சல் வரவில்லை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை தேய்த்தோம். மூன்றாவது பூச்சு ஜூலை மழையில் மூன்று நாள் பிசுபிசுத்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் குப்பையில் போட வேண்டும். முன்கை படுகிற விளிம்பை மட்டும் நன்றாக உருட்டச் சொன்னேன். கூரான விளிம்பில் மணிக்கட்டை வைத்து ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பலகையை ஃபெர்ரியில் நின்றவாக்கில் பிடித்துக்கொண்டு வந்து, இக்கரையில் சைக்காவில், பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏற்றி வீடு சேர்த்தோம். மாடிப்படியில் ஆசாரியும் நானும் ஆளுக்கொரு முனை.

பூட்டும்போது ஒரு தவறு செய்தேன், அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கைப்பிடி மேசை வாங்கும் யாருக்கும் இது நேரலாம். இரண்டு கால்களிலும் தலா ஒரு பல்சக்கரப் பெட்டி. இரண்டையும் அறுகோணக் கம்பி ஒன்று இணைக்கிறது; ஒரு பக்கம் சுற்றினால் இரண்டு காலும் சேர்ந்து ஏற வேண்டும். கம்பியைப் பிடிக்கிற சின்ன மரையாணி ஒவ்வொரு முனையிலும் உண்டு. பூட்டி முடித்து 104க்கு ஏற்றினேன், இறக்கினேன், எல்லாம் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பேனா தானாக இடப்பக்கம் உருண்டது. ரசமட்டத்தை வைத்தால் குமிழி வலப்பக்கம் ஏறி நிற்கிறது. டேப்பில் பார்த்தால் இடக்கால் வலக்காலைவிட 8 மி.மீ. தாழ்வு.

படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இடப்பக்க மரை கம்பியின் தட்டையான முகத்தில் உட்காராமல் இரண்டு முகம் சேரும் முனையில் உட்கார்ந்திருந்தது. பாரம் வந்ததும் கம்பி உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. மேசைமேல் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு காலையும் அடிவரை இறக்கினேன். இடக்கால் முதலில் அடிதட்டியது. அந்த மரையைத் தளர்த்தி, கம்பியை உருவி, வலக்காலை மட்டும் தனியாகச் சுற்றி அதையும் அடிதட்ட வைத்தேன். இப்போது இரண்டும் ஒரே மட்டம். கம்பியை மறுபடி நுழைத்து, தட்டை முகம் மரைக்கு நேராக வரும்வரை விரலால் திருப்பி, ஆலன் சாவியால் இறுக்கினேன். முனையில் உட்கார்ந்தால் சாவி திடீரென்று நிற்கும். முகத்தில் உட்கார்ந்தால் கடைசி அரைச்சுற்று மெதுவாகக் கனத்துக்கொண்டே போகும். அந்த வித்தியாசத்தைக் கைதான் சொல்கிறது. நான்கு மாதமாக மட்டம் மாறவில்லை.

72.5இலிருந்து 104க்கு ஏற அறுபத்துமூன்று சுற்று, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். “ஏங்க, தெனம் இத்தனை சுத்தா?” என்று வீட்டுக்காரி முதலில் தயங்கினார். இப்போது பிள்ளைகள் போட்டி போட்டுச் சுற்றுகிறார்கள். ஒரு நாளில் மூன்று முறைதான் மாற்றுகிறோம்.

திரை விஷயத்தை மறந்துவிடக் கூடாது. நின்றால் என் கண் தரையிலிருந்து 157 செ.மீ. மேசை 104 என்றால் கண் மட்டம் மேசைக்கு மேலே 53. மடிக்கணினியை அப்படியே மேசையில் வைத்தால் கழுத்து தொங்கியே கிடக்கும். கை சரியான உயரத்தில் இருந்து கழுத்து குனிந்தால் பயனில்லை. தனிக் கீபோர்டு கட்டாயம். மிச்சத் தேக்கில் 30 செ.மீ. உயரப் பெட்டி ஒன்று அடித்து அதன்மேல் கணினியை ஏற்றினேன், திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேரே வந்தது. ஆனால் எனக்கு இரட்டைப் பார்வைக் கண்ணாடி. கீழ்ப்பாதியால் படிப்பதால் தாடையைத் தூக்க வேண்டியிருந்தது. பெட்டியில் 5 செ.மீ. அறுத்துக் குறைத்தபின் சரியாயிற்று. திரையைப் பால்கனிக்குப் பக்கவாட்டில் வைத்தேன், கூச்சம் இல்லை. நீட்டிப்பு பிளக் பலகையை மேசையின் அடியிலேயே திருகிவிட்டேன். சுவருக்குப் போவது ஒரே ஒயர், மேசை உச்சிக்குப் போனாலும் இழுபடாத நீளத்தில்.

சென்னையோடு பேசுவது எல்லாம் நின்றுகொண்டு. அங்கே ஒன்பதரை என்றால் எங்களுக்குப் பத்தரை. அந்த ஒரு மணி நேர முன்பகுதியில் உட்கார்ந்து கணக்கை ஒத்துப் பார்த்துவிடுவேன். எண்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு நின்றால் ஓடவில்லை. கடிதம், போன், பத்திரம் திருத்துவது நின்றால் நன்றாக ஓடுகிறது. ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. உட்காரும்போது காலுக்கு வைக்கிற அந்த மணையே நிற்கும்போதும் உதவுகிறது. ஒரு காலை அதில் ஏற்றி, அப்புறம் மறு காலை மாற்றினால் இடுப்பு இளகுகிறது. கோரைப்பாய் விரித்து நின்று பார்த்தேன், உதவவில்லை. ரப்பர் விரிப்புதான் குதிகாலுக்கு இதம். பிடரி வலி போய்விட்டது. இடுப்பு வலி குறைந்திருக்கிறது, உட்கார்ந்தே கிடந்த நாளில் இன்னும் எட்டிப் பார்க்கிறது.

பலகையை இரும்புச் சட்டத்தில் பூட்டும்போது ஆசாரி ஸ்க்ரூத் துளைகளை வட்டமாக விடவில்லை. அகல வாக்கில் நீள்துளையாக ராவி, வாஷர் போட்டு, இறுக்கியும் இறுக்காமலும் விட்டார். மரம் மூச்சு விட இடம் வேண்டும் என்றார். ஜூலையில் பலகையின் அகலம் 61 செ.மீ. இருந்தது. மழை ஓய்ந்து காற்று வறண்டபின், போன வாரம் டேப் வைத்தேன்: 60.7. அடியில் தலையை நீட்டிப் பார்த்தால், ஒவ்வொரு வாஷரின் ஓரத்திலும் மெல்லிய பிறை போல ஒரு பளபளத்த கோடு. மூன்று மி.மீ. சுருங்கியிருக்கிறது, ஒட்டிய கோடு எதுவும் விடவில்லை.